32 டிகிரியைச் சுற்றி ஒரு வாரம்: நியூ இங்கிலாந்து, நியூ ஜெர்சி வானிலை இழை

வூஸ்டர்வாசி | ஞாயிறு மாலை 6:10

ஆளாளுக்குத் தனித்தனியாகக் கேட்கிறீர்கள், அதனால் இந்த வாரத்துக்கு ஒரே இழை. இப்போதைக்குத் தெரிவதைச் சொல்கிறேன். டிகிரி எல்லாம் ஃபாரன்ஹீட், தண்ணீர் உறைவது 32-ல்.

நாளை காலை கனடாவின் ஆல்பர்ட்டா பக்கமிருந்து ஒரு கிளிப்பர், அதாவது வேகமாக ஓடும் சின்னப் பனிப்புயல், வருகிறது. வந்த வேகத்தில் போய்விடும். ஈரப்பதம் குறைவு, 2 முதல் 4 இன்ச் கிடைக்கலாம். துடைப்பத்தால் கூட்டித் தள்ளிவிடலாம், அவ்வளவு லேசான பொடி. செவ்வாய் இரவு வெப்பநிலை ஒற்றை இலக்கத்துக்கு இறங்கும். புதன் இரவு கடலோரமாக ஒரு நார்ஈஸ்டர் (வடகிழக்குக் காற்றோடு வரும் பெரும்புயல்) கிளம்புகிறது, தலைவலி அங்கேதான். வியாழன் அன்று எங்கே பனி, எங்கே மழை, எங்கே ஐஸ் என்று இன்றைக்கே அடித்துச் சொல்பவர்களை நம்பாதீர்கள். வெள்ளி அதிகாலை வடமேற்கிலிருந்து குளிர் உள்ளே பாயும்.

எத்தனை இன்ச் என்றுதான் எல்லாரும் கேட்பீர்கள். எனக்கு அதைவிட வெள்ளி காலை ஏழு மணிக்குத் தரையில் என்ன இருக்கும் என்பதுதான் கவலை.

புதுவரவு_ஆல்ஸ்டன் | ஞாயிறு மாலை 6:42

அண்ணா, நான் ஆகஸ்டில்தான் படிக்க வந்தேன். இதுவரை பார்த்தது ஒருநாள் தூறல் மாதிரி வந்த பனி மட்டும்தான். ரூமில் நாலு பேரும் ஊர்ப்பக்கத்துப் பையன்கள், ஷவல்கூட இல்லை. என்ன வாங்கி வைக்க வேண்டும்?

எடிசன்_மீனா | ஞாயிறு இரவு 7:15

தம்பி, இன்றைக்கே போய் வாங்கிவிடு, புதன்கிழமை போனால் கடையில் ஒரு ஷவல்கூட மிஞ்சாது. அடியில் பிடிப்பு வைத்த பூட்ஸ், நனையாத கையுறை, ஒரு மூட்டை உப்பு, டார்ச். ரொட்டி, பால், முட்டைக்கு அடித்துக்கொள்ளும் கூட்டத்தைப் பார்த்துப் பயந்துவிடாதே. மூன்றும் ஃபிரெஞ்ச் டோஸ்ட்டுக்கான சாமான் என்பதால் பாஸ்டன்காரர்களே அதைக் கிண்டல் செய்து ‘ஃபிரெஞ்ச் டோஸ்ட் எச்சரிக்கை’ என்று வைத்திருக்கிறார்கள். நம் கடையில் இட்லி மாவு டப்பாவும் அதே வேகத்தில்தான் காலியாகிறது. கரண்ட் போனால் அந்த மாவை வைத்துக்கொண்டு என்ன செய்வார்களோ, எனக்கு இன்றுவரை புரியவில்லை.

கணக்குப்பிள்ளை | ஞாயிறு இரவு 9:03

புதன் புயலுக்கு இன்று மாலைக் கணிப்பு ஓட்டத்தில் யூரோ மாடல் (ஐரோப்பியக் கணினிக் கணிப்பு) புயல் மையத்தைக் கேப் காட் தீபகற்பத்தின் மேலேயே கொண்டுபோகிறது. அமெரிக்க மாடலான ஜிஎஃப்எஸ் கடலுக்குள் தள்ளி வைக்கிறது. இரண்டுக்கும் இடையில் நூறு மைல்கூட இல்லை. ஆனால் அந்த நூறு மைலில்தான் பாஸ்டனின் மொத்தக் கதையும் இருக்கிறது.

புதிதாக வந்தவர்களுக்கு: வடக்கே 40, மேற்கே 70 என்று ஒரு புள்ளி உண்டு, நான்டக்கெட் தீவுக்குத் தெற்கே நடுக்கடலில். புயல் மையம் அதையொட்டிப் போனால் பாஸ்டனுக்குப் பனி. அதற்கு உள்ளே, கரையை ஒட்டிப் போனால் கடல் காற்று புகுந்து நகரத்துக்கு மழை, உள்நாட்டு மேட்டுக்குப் பனி. ரொம்ப வெளியே போனால் யாருக்கும் எதுவும் இல்லை. இங்கே வானிலை பார்ப்பவன் எவனும் முதலில் தேடுவது அந்தப் புள்ளியைத்தான்.

புதுவரவு_ஆல்ஸ்டன் | திங்கள் காலை 8:20

அண்ணா! பெய்கிறது!! சத்தமே இல்லை. பஸ்ஸுக்கு நிற்கையில் கோட் கையில் விழுந்த ஒரு துகளைப் பார்த்தேன், நிஜமாகவே ஆறு கை இருக்கிறது. படத்தில் போடுவதெல்லாம் சும்மா என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நாஷுவா_நரி | திங்கள் காலை 9:40

எங்கள் பக்கம் 3 இன்ச், ஊதினாலே பறக்கிறது. இருபது இன்ச் பொடியைக் கரைத்தால் ஒரு இன்ச் தண்ணீர் வரும் ரகம். வியாழனுக்கு வரப்போவது ஐந்துக்கு ஒன்று ரகம். அதை ஷவலில் அள்ளும்போதுதான் முதுகெலும்பு எங்கே இருக்கிறது என்றே தெரியும். இப்போதே சொல்லி வைக்கிறேன், ஐம்பதைத் தாண்டியவர்கள் முழு ஷவலாக அள்ளாதீர்கள். ஒவ்வொரு பெரிய பனிக்குப் பிறகும் மாரடைப்போடு வருகிறவர்களை ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் பார்க்கிறார்கள். பாதி ஷவல், இடையிடையே ஓய்வு, முடிந்தால் தூக்காமல் தள்ளுங்கள்.

குவின்சி_கரையோரம் | செவ்வாய் இரவு 8:55

இங்கே 11 டிகிரி. நேற்றுத் தள்ளாமல் விட்ட இடத்தில் நடந்து நடந்து கெட்டித்துப்போயிருக்கிறது. ஒரு மூட்டை ராக் சால்ட் கொட்டியும் அசையவில்லை. உப்பில் கலப்படமா?

வூஸ்டர்வாசி | செவ்வாய் இரவு 9:20

உப்பு நல்ல உப்புதான் சார், குளிர்தான் அதிகம். சாதாரண ராக் சால்ட் 15 டிகிரிக்குக் கீழே போனால் ஏறக்குறைய வேலையை நிறுத்திவிடும். முதலில் கொஞ்சம் ஐஸ் உருகி உப்புத் தண்ணீர் உண்டானால்தான் அது மற்றதைக் கரைக்கும். இந்தக் குளிரில் அந்த முதல் துளியே உண்டாகாது. கால்சியம் குளோரைடு என்று போட்ட மூட்டை வாங்குங்கள், ஜீரோவுக்குக் கீழேயும் வேலை செய்யும். விலை கூட. இன்று இரவுக்கு மணல் தூவிவிட்டுப் படுங்கள், உருகாவிட்டாலும் வழுக்காது.

எடிசன்_மீனா | செவ்வாய் இரவு 10:02

அளவாகப் போடுங்கள் எல்லாரும். பக்கத்து வீட்டு நாய் பாதத்தைத் தூக்கிக்கொண்டு நொண்டுகிறது. வசந்தத்தில் நடைபாதை ஓரப் புல் கருகிக் கிடப்பதற்கும் இந்த உப்புதான் காரணம். கிணற்றுத் தண்ணீர் குடிக்கும் ஊர்களில் தண்ணீரிலேயே உப்பு ஏறுகிறது. கைப்பிடி போதும் என்கிற இடத்தில் மூட்டையைக் கவிழ்க்கிறார்கள்.

குவின்சி_கரையோரம் | செவ்வாய் இரவு 10:15

மீனா அக்கா, நான் விழுந்தால் என் இடுப்புக்கு யார் பொறுப்பு? புல் மறுபடி முளைக்கும்.

கணக்குப்பிள்ளை | புதன் மதியம் 1:30

யூரோ அசையவில்லை. ஜிஎஃப்எஸ் தான் அதன் பக்கம் வந்துகொண்டிருக்கிறது. மையம் கேப் காடை உரசிக்கொண்டு போகும். என் கணிப்பு: நியூ ஜெர்சி எடிசனில் தொடக்கத்தில் ஒரு மணி நேரம் பனி, அப்புறம் முழுக்க மழை. கரையோரத்தில் குவின்சி, பாஸ்டனில் 2 முதல் 4 இன்ச் பெய்து மழையாக மாறும். உள்நாட்டு வூஸ்டரில் 5 முதல் 8 இன்ச், அதற்குமேல் ஸ்லீட் (ஐஸ் குருணை), உறைமழை (விழுந்த இடத்தில் உறையும் மழை). நியூ ஹாம்ப்ஷயர் நாஷுவாவுக்கு வடக்கே பெரும்பாலும் பனியே.

போனில் இருக்கும் ஆப்பில் 14 இன்ச் காட்டுகிறது என்று யாரும் படம் போட வேண்டாம். அது ஒரே மாடலின் ஒரே ஓட்டத்தை அப்படியே துப்பும். நார்ட்டனில் இருக்கும் தேசிய வானிலைச் சேவை அலுவலகம் எழுதும் விளக்கத்தைப் படியுங்கள். கணித்தவருக்கு எங்கே சந்தேகம் இருக்கிறது என்பதையும் சேர்த்து எழுதியிருப்பார்கள்.

நாஷுவா_நரி | புதன் மதியம் 2:11

அதிகாரப்பூர்வக் கணிப்பும் கவிழ்ந்திருக்கிறது பிள்ளை. 2015 ஜனவரி 26, 27 நினைவிருக்கிறதா? நியூயார்க்குக்கு இரண்டு அடிக்கு மேல் என்று சொல்லி, பனிக்காக முதல்முறையாகச் சப்வே ரயிலையே நிறுத்தினார்கள். கடைசியில் அங்கே சென்ட்ரல் பார்க்கில் பெய்தது 9.8 இன்ச்தான்.

கணக்குப்பிள்ளை | புதன் மதியம் 2:30

முழுக் கதையையும் சொல்லுங்கள். அதே புயலில் பாஸ்டனில் இரண்டு அடி, வூஸ்டரில் 34.5 இன்ச். புயல் கொஞ்சம் கிழக்கே தள்ளிப் போனது, அவ்வளவுதான். நியூயார்க்கில் உட்கார்ந்திருந்தவருக்கு அது பொய்த்த கணிப்பு, வூஸ்டர்காரருக்கு வரலாறு காணாத பனி. அந்தப் பருவம் முடியும்போது பாஸ்டன் 110.6 இன்ச். அள்ளிக் கொட்டிய குப்பைமேட்டுப் பனி ஜூலை நடுவில்தான் கடைசியாக உருகித் தீர்ந்தது.

புதுவரவு_ஆல்ஸ்டன் | புதன் மாலை 5:48

அண்ணா, ஒரு சந்தேகம். தரையில் 28 டிகிரி என்றால் பனிதானே பெய்ய வேண்டும்? உறைமழை எப்படி வருகிறது?

வூஸ்டர்வாசி | புதன் மாலை 6:35

நல்ல கேள்வி. இந்த வாரத்தின் பாடமே அதுதான்.

மேகத்தில் கிளம்பும்போது எல்லாமே பனிதான். வரும் வழியில் ஐயாயிரம், ஏழாயிரம் அடி உயரத்தில் கடல் பக்கமிருந்து ஒரு வெதுவெதுப்பான அடுக்கு நுழைந்துவிட்டால் துகள் அங்கே உருகித் துளியாகிவிடும். அதற்குக் கீழே குளிர் அடுக்கு தடிமனாக இருந்தால், தரைக்கு வருவதற்குள் மறுபடி உறைந்து குருணையாகச் சடசடவென்று விழும். அதுதான் ஸ்லீட். காரில் ரவை கொட்டினது மாதிரி கேட்கும். குளிர் அடுக்கு மெலிசாக இருந்தால் உறைய நேரம் இருக்காது. தண்ணீராகவே இறங்கி, தொட்ட இடத்தில் உறையும். கிளை, கம்பி, படி, கார்க் கதவு எதையும் விடாது.

அந்தக் குளிர் அடுக்கு ஏன் மெலிசாகத் தங்குகிறது? மேற்கே பெர்க்‌ஷயர்ஸ், வடக்கே கிரீன், ஒயிட் மலைகள். வடக்கிலிருந்து வரும் குளிர் காற்று கனமானது, மலையடிவாரத்தில் தேங்கினால் லேசில் நகராது. மேலே மழைக்கான வெப்பம், கீழே உறைவதற்கான குளிர். எங்கள் ஊர் மேட்டில் இருப்பதால் பாஸ்டனில் குடை பிடிக்கிற அதே நேரத்தில் இங்கே மரம் முறியும்.

பார்க்கும்போது பத்து இன்ச் பனிதான் பயமாக இருக்கும். நானோ பத்து இன்ச் பனியைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிக்கொள்வேன், கால் இன்ச் ஐஸ் வேண்டாம். கால் இன்ச்சில் கிளை தொங்கும், அரை இன்ச் தாண்டினால் கரண்ட் கம்பி அறும். 2008 டிசம்பரில் இங்கேயும் நியூ ஹாம்ப்ஷயரிலும் நடந்தது அதுதான். நியூ ஹாம்ப்ஷயரில் மட்டும் நாலு லட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளும் கடைகளும் இருட்டில் கிடந்தன. சிலருக்குக் கரண்ட் திரும்ப இரண்டு வாரம் ஆனது.

மான்ட்ரியல்_மாறன் | புதன் இரவு 7:50

எல்லைக்கு இந்தப் பக்கம் இருந்து எட்டிப் பார்க்கிறேன், கோவிக்க வேண்டாம். ஐஸ் பற்றிப் பேச எங்களுக்கு முழு உரித்து உண்டு. 1998 ஜனவரி 5 தொடக்கம் அஞ்சாறு நாள் உறைமழை. மான்ட்ரியலுக்குத் தெற்கே சில இடங்களில 100 மில்லிமீற்றருக்குக் கிட்ட. வீட்டுக் கம்பி மட்டுமில்லை அண்ணை, பெரிய இரும்புக் கோபுரங்களே மடிஞ்சு விழுந்தன, ஆயிரம் அளவில. செயின்ட் யாசாந்த், கிரான்பி, செயின்ட் ஜான் மூண்டையும் சேர்த்து ‘கறுப்பு முக்கோணம்’ எண்டு சொன்னவை. அங்க சில சனத்துக்கு ஒரு மாதம் கரண்ட் இல்லை. சண்டைக்குத் தப்பி வந்து நாலைஞ்சு வருசம் ஆன எங்கட ஆக்கள், மெழுகுதிரியும் போர்வையுமா ஒரே வீட்டில பதினைஞ்சு பேர் இருந்த கதைகள் இப்பவும் உண்டு. “விளக்கில்லாமல் இருக்க எங்களுக்குப் பழக்கம்தானே” எண்டு பகிடி விட்டவை. குளிர்தான் பழக்கமில்லை.

ஒண்டு மறக்கவேண்டாம்: பார்பிக்யூ அடுப்பை, ஜெனரேட்டரை வீட்டுக்குள்ள, கராஜுக்குள்ள கொண்டுவந்து மூட்டவேண்டாம். அந்தப் புயலில நச்சுப் புகையாலயும் சனம் செத்தது.

நாஷுவா_நரி | புதன் இரவு 8:20

மாறன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். புது ரக ஹீட்டர் வைத்த வீடுகளில் புகைக் குழாய் கூரை வழியாகப் போகாது, பக்கவாட்டுச் சுவரில் தரைக்குப் பக்கத்தில் வெள்ளைக் குழாயாக நீட்டிக்கொண்டிருக்கும். பனி குவிந்து அது அடைத்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளே திரும்பும். ஷவலை எடுத்தவுடன் டிரைவ்வேக்கு (வீட்டு முன் கார்ப் பாதை) போகாமல் முதலில் அந்தக் குழாயைச் சுற்றிச் சுத்தம் செய்யுங்கள். காரும் அப்படித்தான்: சைலன்சரைச் சுற்றிப் பனியை எடுக்காமல் குளிருக்காக உள்ளே உட்கார்ந்து எஞ்சினைப் போடாதீர்கள். 2013 பிப்ரவரிப் புயலில் பாஸ்டனில் ஒரு சிறுவன் உட்பட இரண்டு பேர் இப்படித்தான் போனார்கள்.

எடிசன்_மீனா | வியாழன் காலை 7:05

பிள்ளை சொன்னது பலித்தது. நள்ளிரவில் வெள்ளையாக இருந்தது, இப்போது கொட்டோ கொட்டென்று மழை, 39. பிள்ளைகளுக்கு நேற்று ராத்திரியே ஸ்கூல் லீவு விட்டுவிட்டார்கள், இப்போது ஜன்னலில் மழையைப் பார்த்து என்னை முறைக்கிறார்கள்.

குவின்சி_கரையோரம் | வியாழன் காலை 8:30

3 இன்ச்சில் நின்றது. காலை ஐந்தரைக்குக் காற்று கிழக்கே திரும்பியதும் 31-லிருந்து 36. பனி முழுக்கத் தண்ணீரைக் குடித்து ஊறிக் கிடக்கிறது, ஷவலில் ஒட்டிக்கொண்டு இறங்க மாட்டேன் என்கிறது. இதற்கு ஸ்கூல் லீவு எதற்கு? நாங்கள் படித்த காலத்தில்...

எடிசன்_மீனா | வியாழன் காலை 8:41

நீங்கள் படித்த காலத்தில் மதுரையில் பனி பெய்யவில்லை சார். மஞ்சள் ஸ்கூல் பஸ்ஸைக் கிளப்புவதா வேண்டாமா என்று அதிகாலை நாலு மணிக்குள் முடிவெடுத்தாக வேண்டும். உங்கள் மாசசூசெட்ஸில் 180 பள்ளி நாள் கட்டாயம், ஜூனில் ஈடுகட்டித்தான் ஆக வேண்டும். சும்மா கிடைக்கும் லீவு இல்லை.

வூஸ்டர்வாசி | வியாழன் காலை 11:15

6 இன்ச் பனி, அதன் மேல் ஒன்பது மணியிலிருந்து ஸ்லீட், இப்போது உறைமழை. 30 டிகிரி, அசையவில்லை. பின்கட்டுப் படிக் கைப்பிடியில் கை வைத்தேன், இரும்புக்கு மேல் கண்ணாடி உறை போட்டாற்போல் வழவழப்பு. லைலாக் செடியின் ஒவ்வொரு மொட்டும் தனித்தனிக் குண்டுமணியாகத் தொங்குகிறது. பார்க்க அழகுதான். ஆனால் தெருக்கோடி மேப்பிளில் இரண்டு கிளை கம்பி மேல் சாய்ந்துகொண்டிருக்கிறது. போனை சார்ஜில் போட்டுவிட்டேன்.

நாஷுவா_நரி | வியாழன் மதியம் 12:50

இங்கே 9 இன்ச், இன்னும் பனிதான். சொர்க்கம்.

கணக்குப்பிள்ளை | வியாழன் மாலை 6:00

எல்லாரும் கவனியுங்கள். பாஸ்டன் 44, மழை. மேற்கே ஆல்பனியில் காற்று ஏற்கெனவே திரும்பிவிட்டது, 22. அந்தக் குளிர் முனை (உள்ளே வரும் குளிர் காற்றின் முன்விளிம்பு) நள்ளிரவுக்குப் பிறகு நம்மைத் தாண்டும். 44-லிருந்து காலைக்குள் 18. வடிகால் பனியால் அடைத்திருக்கிறது, தெருவெல்லாம் தண்ணீர் தேங்கி நிற்கிறது. அது வடிவதற்குள் உறைந்துவிடும். மழை நடுவில் போட்ட உப்பெல்லாம் கழுவிப் போயாயிற்று.

செய்ய வேண்டியது இன்று இரவு பத்து மணிக்குள்: வாசலில் ஊறிக் கிடக்கும் பனியை எடுத்துவிடுங்கள். காலையில் அது சிமெண்ட். தெரு ஓர வடிகாலின் வாயைத் திறந்துவிடுங்கள். கார் வைப்பரை நிமிர்த்தி வையுங்கள்.

குவின்சி_கரையோரம் | வியாழன் மாலை 6:25

மழையில் நனைந்துகொண்டு யார் அள்ளுவது? காலையில் பார்த்துக்கொள்ளலாம்.

வூஸ்டர்வாசி | வியாழன் மாலை 6:31

சார், வேண்டாம். இன்று அரை மணி நேர வேலை, நாளை கடப்பாரை வேலை. 2023 பிப்ரவரி 4 அன்று பாஸ்டனில் மைனஸ் 10, மறுநாளே 40-ஐத் தாண்டியது. அந்த ஏற்ற இறக்கத்தில் எத்தனை வீட்டில் பைப் வெடித்தது என்று பிளம்பரைக் கேளுங்கள். நிலையான குளிரைச் சமாளித்துவிடலாம். 32-க்கு மேலும் கீழும் ஏறி இறங்குவதுதான் கூரையையும் சாலையையும் காலையும் ஒன்றாக உடைக்கிறது.

குவின்சி_கரையோரம் | வெள்ளி காலை 7:20

டிரைவ்வே முழுக்க ஒரே பாளம். முனையில் பனி தள்ளும் பிளவ் வண்டி ஒதுக்கிவிட்டுப் போன வரப்பு முழங்கால் உயரம், ஷவல் பட்டால் டங் என்று சத்தம் வருகிறது. வூஸ்டர், ஒன்றும் சொல்லாதீர்கள்.

வூஸ்டர்வாசி | வெள்ளி காலை 7:24

நான் வாயே திறக்கவில்லை. கால்சியம் குளோரைடு தூவி இருபது நிமிடம் விடுங்கள், அப்புறம் ஓரத்திலிருந்து ஐஸ் உடைக்கும் சிப்பரால் நெம்புங்கள். நடுவில் குத்தாதீர்கள். எங்கள் தெருவில் கரண்ட் இரவு பதினொன்றுக்குப் போய் நாலரைக்கு வந்தது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று.

எடிசன்_மீனா | வெள்ளி காலை 8:10

காரை எடுப்பவர்கள் கூரையையும் துடைத்துவிட்டு எடுங்கள். ஜன்னலில் ஓட்டை மாதிரி ஒரு வட்டம் சுரண்டிக்கொண்டு போகிறார்கள். இன்று டர்ன்பைக் நெடுஞ்சாலையில் முன்னால் போன வேனின் கூரையிலிருந்து கதவு அகலத்துக்கு ஒரு ஐஸ் பாளம் கிளம்பிப் பறந்து பக்கத்து லேனில் சிதறியது. நியூ ஜெர்சியில் கூரையைச் சுத்தம் செய்யாமல் ஓட்டினாலே அபராதம், யாருக்கும் அடிபட வேண்டும் என்றில்லை.

புதுவரவு_ஆல்ஸ்டன் | சனி மதியம் 2:05

அண்ணா, நீல வானமாக இருந்தது. திடீரென்று போன் அலறியது, அஞ்சு நிமிடத்தில் எதிர் வீடு தெரியவில்லை. இருபது நிமிடத்தில் மறுபடி வெயில். இது என்ன?

கணக்குப்பிள்ளை | சனி மதியம் 2:20

ஸ்னோ ஸ்குவால். குளிர் முனையோடு வரும் குறும்புயல். அளவு அரை இன்ச் இருக்கும், ஆனால் ஹைவேயில் மாட்டினால் ஆளைக் கொல்லும். 2022 மார்ச் 28 அன்று பென்சில்வேனியாவில் ஐ-81 ஹைவேயில் ஒன்றன் மேல் ஒன்றாக வண்டிகள் மோதி ஆறு பேர் இறந்தது இப்படி ஒரு ஸ்குவாலில்தான். அதனால்தான் போனுக்கே எச்சரிக்கை அனுப்புகிறார்கள். அது வந்தால் அடுத்த எக்சிட்டில் இறங்கிவிடு. ஹைவே ஓரத்தில் நிறுத்தாதே.

புதுவரவு_ஆல்ஸ்டன் | சனி மதியம் 2:48

நன்றி அண்ணா. இன்னொன்று. எங்கள் வீட்டுக்காரர் நடைபாதையைச் சுத்தம் செய்யவே இல்லை, போனும் எடுக்கவில்லை. ரூம்மேட் நேற்று விழுந்து முழங்கை வீங்கியிருக்கிறது. அப்புறம், தெருவில் காரை எடுத்த இடத்தில் யாரோ பழைய நாற்காலியைப் போட்டு வைத்திருக்கிறார்கள். அதை நகர்த்தலாமா?

நாஷுவா_நரி | சனி மதியம் 3:05

நாற்காலியைத் தொடாதே!

வூஸ்டர்வாசி | சனி மதியம் 3:17

நரி சொல்வது சரி. தானே அள்ளிய இடத்தைப் பிடித்து வைக்கும் பாஸ்டன் வழக்கம் அது. பனி அவசர நிலை முடிந்து 48 மணி நேரம் வரை நகரமே கண்டுகொள்ளாது. அதற்கப்புறம் குப்பை வண்டி எடுத்துப்போகும். சட்டப்படி யாருக்கும் அந்த இடம் சொந்தமில்லை, ஆனால் டயரில் காற்று இருக்க வேண்டும் என்றால் வேறு இடம் பார்.

நடைபாதை விஷயம் வேறு. பாஸ்டனில் பனி நின்று மூன்று மணி நேரத்துக்குள், இரவில் நின்றால் விடிந்து மூன்று மணி நேரத்துக்குள், 42 இன்ச் அகலத்துக்குச் சுத்தம் செய்ய வேண்டியது கட்டட உரிமையாளர் பொறுப்பு. ஐஸுக்கும் அதே விதி. தேதி தெரிகிற மாதிரி படம் எடு, நகரத்தின் புகார் எண் 311-ல் புகார் போடு, வீட்டுக்காரருக்கும் எழுத்தில் அனுப்பு. முழங்கையை எக்ஸ்ரே எடுக்கச் சொல், வீக்கம்தானே என்று விட வேண்டாம்.

கணக்குப்பிள்ளை | சனி இரவு 9:40

அடுத்த வியாழனுக்கு யூரோவில் ஒரு புயல் தெரிகிறது. மையம் 40/70-க்கு மேலேயே. ஐந்து நாளுக்கு முன் எதையும் நம்பக்கூடாது, தெரியும். இருந்தாலும் சொல்லி வைத்தேன்.

குவின்சி_கரையோரம் | சனி இரவு 9:52

கால்சியம் குளோரைடு எந்தக் கடையில் மலிவு?